எல்லா ஞாயிறும் மஞ்சள்

திருப்பூர்
9.9.2007

அன்புக் கண்ணு அக்ஷராவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் சுகம், நீயும் சுகம்தானே என்று எப்போதும்போல ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், நீ சுகமில்லை என்று தெரிந்த பிறகு அதை எழுதக் கை வரவில்லை. பொங்கலூர் அப்புச்சிக்குக் கண் ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது, கறுப்புக் கண்ணாடியோடு தோட்டத்துக்குப் போயே தீருவேன் என்று அடம் பிடிக்கிறார். கம்பெனியில் ஷிப்மெண்ட் நெருக்கடி, அப்பா வீட்டுக்கு வருவதே சாப்பிட மட்டும்தான், வந்தாலும் நான் அவரோடு பேசுவதில்லை.

காரணம் உனக்கே தெரியும். வியாழக்கிழமை உன் ரூம்மேட் நாகஜோதி போன் செய்தாள். "ஆன்ட்டி, அவ சரியாச் சாப்பிடுறதே இல்ல, கிளாசுக்கும் வர மாட்டேங்கா, சுவத்தப் பாத்துப் படுத்தே கெடக்கா. உங்ககிட்ட மட்டும் எப்படிச் சிரிச்சுப் பேசுதா?" என்று கேட்டாள். என்னால் நம்ப முடியவில்லை. நீ ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து, உன் மனசு எப்படி இருக்கிறது என்று குறித்து வைக்கச் சொன்னாரே கோயமுத்தூர் டாக்டர், அதற்காக ஞாயிறுதோறும் உன் போன் முடிந்ததும் காலண்டரில் ஒரு துணித்துண்டைக் குத்தி வைக்கிறேன், நம் பனியன் கம்பெனி கட்டிங் டேபிளில் மிஞ்சியதுதான். குரல் தெளிவாக இருந்தால் மஞ்சள், தூக்கமும் சாப்பாடும் குறைந்தால் சாம்பல், அழுதால் கறுப்பு. ஆடி பிறந்ததிலிருந்து எல்லாம் மஞ்சள். அதைப் பெருமையாக டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் உன்னிடமும் போனில் பேசினார், நீ அவரிடமும் சிரித்தாய், மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார்.

நாகஜோதி பேசிய அன்றைக்கே அப்பாவைக் கேட்டேன். சனிக்கிழமையே உனக்குப் போன் போட்டு நாளைக்கு அம்மாவிடம் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லித் தருவாராம். கூசாமல் சொல்கிறார். "சரக்கு வாங்கற வெளிநாட்டுப் பையரோட ஆளு செக்கிங் வந்தா நல்ல பீஸத்தானே மேல வெக்கறோம். உன்கிட்டச் சொன்னா அழுதுட்டே போயி அவளக் கூட்டிட்டு வந்துருவே, புள்ளைக்கு ஒரு வருசம் போயிருமில்ல" என்கிறார். ஓட்டை விழுந்ததை அடியில் வைத்து அடுக்குவது பெட்டியைப் பிரிப்பவனை ஏமாற்ற. என்னையா கண்ணு அந்த ஆளாக நினைத்தீர்கள், இரண்டு பேரும் சேர்ந்து?

அவர் சொல்லித் தந்ததைவிட நீ சிரித்ததுதான் வலிக்கிறது. ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றிச் சொல்லி அத்தனை சிரித்தாயே, அன்றைக்கெல்லாம் நான் அடுப்படியில் அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அதுவும் சொல்லிக் கொடுத்ததா? இன்று ஞாயிறு, உன் போன் வந்தது, நான் எடுக்கவில்லை. எடுத்து, நீ மறுபடி சிரித்துவிட்டால் என்ன செய்வேன் என்று பயம். அதனால்தான் கடிதம், காலையில் கூரியரில் போடுகிறேன்.

டாக்டரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். மாத்திரையைப் பழையபடி முழுதாகப் போட வேண்டும், வெறும் வயிற்றில் வேண்டாம், நாகஜோதியிடமும் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை உன்னை நேரில் பார்க்கிறார். புதன் காலை நான் வந்து கூட்டிப் போகிறேன். வருசம் போனால் போகட்டும்.

அவிநாசியப்பர் உன்னைக் காப்பாற்றட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, கேட்டில் என்னைப் பார்த்ததும் சிரிக்காதே. மூன்று நிறத்துணியும் கைப்பையில் கொண்டு வருகிறேன், எது என்று நீயே எடுத்துக் கொடு.

கோபம் தீராத,
உன் அம்மா