கம்பித் தடுப்பில் காயப்போட்ட கையுறை

தின்செத்,
ஏப்ரல் 9

அன்பு மகள் ஹெர்தீஸுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் குழந்தை இல்வாவும் சுகமா என்று வழக்கம்போல எழுதத்தான் உட்கார்ந்தேன், அந்த வார்த்தைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. போன வாரம் நீ அனுப்பிய இல்வாவின் கைப் படத்தைப் பார்த்தேன். கட்டு அவிழ்த்துவிட்டார்கள், நடுவிரலும் மோதிரவிரலும் இன்னும் முழுசாக விரியவில்லை என்று எழுதியிருந்தாய். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், அந்த உள்ளங்கை என் கட்டைவிரல் அளவுகூட இல்லை. இங்கே பனி உருக ஆரம்பித்துவிட்டது, கூரையிலிருந்து நாள் முழுக்கச் சொட்டுகிறது, கார் இந்த வருஷமும் சோதனையில் தேறிவிட்டது, எதிர்வீட்டுக்காரர் இடுப்பு அறுவைசிகிச்சை முடிந்து கம்பு ஊன்றி நடக்கிறார். செய்தி என்று சொன்னால் இவ்வளவுதான். மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், போனில் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

பிப்ரவரியில் இல்வாவை எங்களிடம் விட்டுவிட்டு நீ இரண்டு நாள் பயிற்சிக்கு என்று த்ரோன்ஹெய்ம் போனாயே, அந்தப் புதன்கிழமையைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா சொன்னது. நடந்தது அது இல்லை. அன்று காலை மைனஸ் இருபத்தெட்டு டிகிரி குளிர் கொஞ்சம் தணிந்ததும் இல்வாவைச் சறுக்குவண்டியில் உட்கார வைத்து ஒரு சுற்று இழுத்துக்கொண்டு போனேன், அப்படிச் சிரித்தாள். திரும்பி வந்தபோது அவளுடைய கம்பளிக் கையுறை இரண்டும் பனியில் நனைந்து விறைத்திருந்தன. விறகு அடுப்பைச் சுற்றி நீ சொல்லி நான் போட்ட கம்பித் தடுப்பு இருக்கிறதே, அதில்தான் காயப்போட்டேன். உட்பக்கமாக, அடுப்பைப் பார்த்து, சீக்கிரம் காயட்டும் என்று. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ என்ன சொன்னாய் என்பது வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. “அப்பா, அது புள்ளைய காப்பாத்த வாங்குன தடுப்பு, உங்க துணிக்கொடி இல்ல” என்றாய். நான் இடக்காக, “முப்பது வருஷமா இந்த அடுப்புல காயுது, இதுவரைக்கும் ஒரு கையுறைகூட கருகல” என்றேன். கையுறை கருகுமா என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், முட்டாள்.

இந்த ஊரில் எந்த வீட்டில்தான் இல்லை, அடுப்பைச் சுற்றித் தடுப்பு, தடுப்பு தெரியாத அளவுக்கு ஈரக் காலுறையும் கையுறையும். நமக்கு அது கொடி. ஆனால் இருபது மாதக் குழந்தைக்கு அப்படி இல்லையே. கையுறையை மாட்டினால் வெளியே போகலாம், அவளுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். நான் விறகு உள்ளே வைக்கத் தடுப்பின் ஒரு பக்கக் கொக்கியைக் கழற்றினேன், கொட்டகையிலிருந்து இன்னும் கொஞ்சம் விறகு கொண்டுவர வேண்டியிருந்தது, திரும்பி வந்து மாட்டிக்கொள்ளலாம் என்று அப்படியே விட்டேன். சமையலறையில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த உன் அம்மா, “கொக்கி மாட்டியாச்சா?” என்று கேட்டாள். “ஆச்சு ஆச்சு” என்றேன். எத்தனை சுலபமாக வாயில் வந்தது. நான் கதவைத் திறந்து வெளியே போவதை இல்வா பார்த்திருக்கிறாள், தானும் வர வேண்டும் என்று நேராகக் கையுறையை எடுக்கப் போயிருக்கிறாள். தடுப்பின் மேல் சாய்ந்து எட்டி இழுத்ததும் கொக்கி மாட்டாத பக்கம் உள்ளே வழிவிட்டிருக்கிறது, தடுமாறி விழப்போனவள் அடுப்பின் இரும்புக் கதவில் கையை ஊன்றிவிட்டாள். அந்த அலறல் விறகுக்கொட்டகை வரை கேட்டது. ஓடி வந்தேன், அம்மா அவளைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு வெந்த கையில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் அந்தக் கையுறையைக் குழந்தை விடவே இல்லை. என்னோடு வரத்தான் எடுத்தாள் மகளே, என்னோடு வரத்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்றுதான் உனக்கு போன் செய்தோம். நான் பேச வாயெடுத்தேன், அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு, “நான்தான் கவனிக்கல, நான்தான் கொக்கிய மாட்டாம விட்டுட்டேன்” என்று உன்னிடம் சொன்னாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, “நாலு வருஷம் நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருந்தீங்க. இப்பதான் அப்பான்னு கூப்பிடுறா. என்னை அவ ஒரு மாசத்துல மன்னிச்சுடுவா, உங்கள மாட்டா. பேசாம இருங்க” என்றாள். நான் பேசாமல் இருந்தேன். கொக்கியை மறந்தது தப்பு, இது அதைவிடப் பெரிய தப்பு, ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்து புதிதாகச் செய்த தப்பு. ஒரு மாதம் இரண்டு மாதமாகிவிட்டது, நீ அவள் போனை எடுக்கவில்லை. எனக்குப் படம் அனுப்புகிறாய், என்னை நலம் விசாரிக்கிறாய். “இனிமே அம்மாகிட்ட புள்ளைய ஒரு நிமிஷம்கூட விடமாட்டேன்” என்று எனக்கு எழுதினாய். “எனக்கு ஏதாவது எழுதியிருக்காளா?” என்று அவள் கேட்டபோது, சீக்கிரம் எழுதுவாள் என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். குழந்தையே இல்லாத வீட்டில் உன் அம்மா அந்தத் தடுப்பைத் தாண்டும்போதெல்லாம் நின்று கொக்கியை இழுத்துப் பார்க்கிறாள். ஒரு நாளைக்குப் பத்து முறை. தான் செய்யாத தப்புக்கு. என்னால் பார்க்க முடியவில்லை ஹெர்தீஸ்.

உனக்குப் புத்திமதி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் பெற்ற மனசு கேட்கவில்லை. உன் வீட்டில் விறகு அடுப்பு இல்லை, ஆனால் ஜன்னலுக்குக் கீழே அந்த மின்சார ஹீட்டர் இருக்கிறது, அதன் பக்கத்தில் பொம்மைக் கூடையை வைக்காதே, அவளுக்குப் பிடித்த எதையும் சூட்டுக்குப் பக்கத்தில் வைக்காதே. சோபாவைத் தள்ளிப் போடு, ஏறிவிடுவாள். ஆனால் சூடு என்றாலே நடுங்குகிற பிள்ளையாகவும் ஆக்கிவிடாதே, அந்தக் குளிர் ஊரில் அப்படி வாழ முடியாது. விரலுக்கு எண்ணெய் தடவி நீவிவிடச் சொன்னார்களே, காலையும் மாலையும் விடாமல் செய், அழுதாலும் செய். இல்வாவின் விரல்கள் பத்தும் நன்றாக விரிய வேண்டும், உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது, தினம் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன்.

நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. தபாலில் போட்டுவிட்டு வந்துதான் சொல்வேன், முன்னால் சொன்னால் கிழித்துவிடுவாள். என்னை மன்னி என்று கேட்கவில்லை, இன்னொரு நாலு வருஷம் பேசாமல் இருந்தாலும் இருந்துகொள், எனக்கு அது பழக்கம்தான், அவளுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு போன் செய். நான் எடுத்தால் என்னிடம் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம், அம்மாவைக் கூப்பிடுங்க என்று மட்டும் சொல், அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொள்கிறேன்.

இப்படிக்கு,
கொக்கியை மாட்டாமல் விட்ட
உன் அப்பா