செத்துப்போன பற்றிக் நான் இல்லை

கொட்டாஞ்சேனை,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்பு மகள் ரொஷேலுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் மம்மியும் நானும் இங்கே சுகம், அதிலும் நான் விசேஷமாகச் சுகம், மூச்சு ஒழுங்காக வருகிறது, காலையில் நாலு துண்டு பாணும் சம்பலும் சாப்பிட்டேன், நீயும் மருமகனும் மெல்பேர்னில் இதைவிடச் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போனில் நீ முதலில் அழுதாய், பிறகு என் முகத்தைக் கண்டு பேயைக் கண்டது போலக் கத்தினாய், பிறகு பிள்ளையை வரவழைக்க இப்படியும் ஒரு நாடகமா என்று ஏசி, எடுத்த டிக்கெட்டைக் கான்சல் பண்ணப்போவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு போனை எடுக்கிறாய் இல்லை. அதனால்தான் கடதாசியில் எழுதுகிறேன், மேல்வீட்டு நிஷாந்தி படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். கடைசி வரைக்கும் வாசி மகள், வாசித்த பிறகு கான்சல் பண்ணுவதென்றால் பண்ணு.

நாடகம் ஒன்றும் இல்லை, எல்லாம் நீ அனுப்பிய சாமானால் வந்த வினை. முழங்கால் ஒப்பரேசனுக்குப் பிறகு பப்பா சும்மா இருந்து மம்மியோடு சண்டை பிடிக்கக்கூடாது என்று அங்கிருந்து லீவில் வந்த சஜீத்திடம் கொடுத்தனுப்பினாயே, அந்தக் கைக்குள் அடங்கும் கேம். நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது புறக்கோட்டையில் நுஸ்கியின் கடையில் வாங்கி ரீவியில் பூட்டி விளையாடினோமே, கழுத்தில் ரை கட்டிய தொந்தித் தவளை, அதேதான், அதே பாட்டு, அதே அன்னாசித் துண்டுகள், அதே முள்ளம்பன்றி. தொந்தியும் ரையும் துறைமுகக் கந்தோருக்கு வேலைக்குப் போகும் பப்பா மாதிரியே என்று நீதான் அதற்கு என் பெயரையே, பற்றிக் என்று வைத்தாய், இந்த வீட்டில் இன்றைக்கும் அதற்கு அதுதான் பெயர். ஆனால் ரீவியில் பள்ளத்தின் இரண்டு கரையும் தெரியும், இந்தச் சின்னத் திரையில் நிற்கிற கரை மட்டும்தான் தெரிகிறது, அந்தப் பக்கம் எங்கே என்று தெரியாமலே பாய வேண்டும். நானும் பாய்வேன், தவளை தண்ணீருக்குள் விழுந்து செத்துப்போகும். தவளை எப்படியடா தண்ணீரில் சாகும் என்று பக்கத்து வீட்டுப் பிறெடி கேட்கிறான். நியாயமான கேள்விதான், ஆனால் சாகிறதே, நான் என்ன செய்ய?

சாகும்போது ஒரு சோகப் பாட்டு வரும், ஞாபகம் இருக்கிறதா? மம்மி பக்கத்துக் கதிரையில் செபமாலை சொல்லுவா. துக்க மணி கேட்டால் அந்த ஆத்துமாவுக்காக ஒரு செபம் சொல்லுவது அவவுக்குச் சிறுவயதிலிருந்து வந்த பழக்கம், அதனால் தவளை விழும்போதெல்லாம் அருள்நிறைந்த மரியேயை நடுவில் விட்டுவிட்டு அதற்கு நித்திய இளைப்பாற்றி சொல்லத் தொடங்கிவிட்டா. செபமாலை குழம்பிவிடும், திரும்ப முதலிலிருந்து தொடங்குவா, நான் திரும்ப விழுவேன். சத்தத்தைக் குறையுங்கோ என்று அவ சொல்ல, பாட்டில்லாமல் பாயும் நேரம் பிடிபடாது என்று நான் சொல்ல, ஒரே சண்டை. கடைசியில், கார்த்திகை மாதம்தானே, மரித்த ஆத்துமாக்களின் மாதம், அந்தச் சீவனுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுத்து ஒரேயடியாக முடித்துவிடுவோம் என்று நினைத்து, எனக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் பங்குக் கந்தோருக்குப் போயிருக்கிறா. யாருடைய பெயருக்கு என்று கேட்டதற்கு பற்றிக் என்றாவாம். எந்தப் பற்றிக் என்று கேட்டதற்கு, எங்கட வீட்டுப் பற்றிக்தான், பாவம், எத்தனை தரம் தண்ணிக்குள்ள விழுந்தது என்றாவாம்.

இதிலே மம்மியின் பிழை என்ன சொல்லு. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, இஞ்சேருங்கோ, இல்லையென்றால் ரொஷேல்ட பப்பா. அவவின் வாயில் பற்றிக் என்றால் தவளை மட்டும்தான். அது எனக்கும் பெயர் என்பது மனுசிக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிறு பூசையில் புதுச் சுவாமியார், அவருக்கு என்னைத் தெரியாது, மம்மியின் பெயரையும் சேர்த்து, நேசத்தின் வீட்டில் மரித்த பற்றிக்கின் ஆத்தும இளைப்பாற்றிக்காக என்று அறிவித்தார். நான் கோயிலின் கடைசி வாங்கில் சாய்ந்து கண் அயர்ந்துபோய் இருந்தேன், பாதிதான் காதில் விழுந்தது, யாரோ என் பெயர்க்காரன் பாவம் என்று நானும் எழும்பி நின்று உருக்கமாக மன்றாடினேன். முன் வாங்கில் இருந்த எங்கள் ஒழுங்கைக் கொன்ஸ்ரன்ஸ் திரும்பிப் பார்க்கவில்லை, கோயில் வாசலிலேயே உனக்குப் போன் அடித்துவிட்டா. நான் மெல்ல நொண்டி நொண்டி வீட்டுக்கு வர, ஒழுங்கை முழுக்கச் செத்தவீட்டு வெள்ளைக் கொடி. பிறெடி ஏணியில் நின்று கட்டுகிறான், பூசைக்கே போகாதவன், செய்தி மட்டும் கேட்டிருக்கிறான். யாருக்கடா என்று கேட்டேன், ஆளைப் பார்க்காமலே, எங்கட பற்றிக் போயிட்டான் மச்சான், ஏணியைப் பிடி என்றான். பிடித்தேன். ஒருத்தன் செத்த வீட்டுக்கு உதவி கேட்டால் பிடிக்கத்தானே வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல. வந்தவர்களுக்கு நானே கதிரை எடுத்துப் போட்டு ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொன்னேன். கொன்ஸ்ரன்ஸ் என்னைக் கண்டதும் மயங்கி விழுந்து, தெளிந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல மனுசன் ஆனா சரியான வாய்க்காரன் என்று என்னைப் பற்றி என்னிடமே சொல்லி அழுதா. சந்தி திரீவீல்காரன் மல்லி என்னைக் கண்டு சிலுவை அடையாளம் போட்டான், அவன் புத்த சமயம். பிறெடி இன்னும் கொடியைக் கழற்றவில்லை, கட்டிய கொடியை எட்டாம் நாளுக்கு முன் கழற்றினால் வீட்டில் உண்மையாகவே சாவு விழும் என்று பயப்படுத்துகிறான். மம்மி மட்டும் சாமியறையை விட்டு வெளியே வரவில்லை. பிள்ளை அங்க தனிய இருந்து எப்படித் துடிச்சிருப்பாள் என்று ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னா. அவவோடு கோபிக்காதே மகள்.

ஒன்று சொல்லுகிறேன், கோபித்தாலும் பரவாயில்லை. கலியாணம் முடித்துப் போனாய், முதலில் கொரோனா, பிறகு இங்கே பெற்றோல் வரிசை, பிறகு உன் வேலை. ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அடுத்த நத்தார் என்றாய். நான் செத்துப்போனேன் என்றதும் அரை மணித்தியாலத்தில் டிக்கெட் எடுத்துவிட்டாய். செத்தால்தான் வருவாய் என்று தெரிந்திருந்தால் முன்னமே செத்திருப்பேனே. ஏசவில்லை மகள், அந்த அரை மணித்தியாலத்தை நினைக்க எனக்கு அழுகை வருகிறது, அவ்வளவுதான். இருக்கிற பப்பாவைப் பார்க்கவும் அதே டிக்கெட் போதும்.

மருமகனைக் கேட்டதாகச் சொல்லு, கோபத்தோடு கார் ஓடாதே, நேரத்துக்குச் சாப்பிடு. மாதா உங்கள் இருவரையும் தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். மறக்காமல் வரும்போது கேமுக்கு ஒரு சார்ஜர் வயர் வாங்கி வா, இங்கே இருப்பது தளர்ந்துபோய் இறப்பர் பட்டி போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். தவளை நிற்பது கடைசிப் பள்ளத்தின் கரையில், ஒரே ஒரு உயிர்தான் மிச்சம். மெஷினை நிறுத்தினால் எல்லாம் அழிந்துபோகும், அதனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதைச் சார்ஜரிலேயே போட்டு மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம், மம்மி அதைத் தொட விடுகிறா இல்லை. பிள்ளை வந்து பாயட்டும், அதுவரைக்கும் பற்றிக் அப்படியே நிற்கட்டும் என்கிறா. முதல் தரமாக அந்தப் பெயரை என் முகத்தைப் பார்த்துச் சொன்னா.

உன் வரவைப் பார்த்துக்கொண்டு உயிரோடு இருக்கும்,
பப்பா.