தொட்டுப் பார்த்ததாக எழுதியிருக்கிறது

குடவாசல்

அன்பு மகள் செங்கொடிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் ஆடுகளும் நலம், அப்பாவுக்குத்தான் வயிற்றுவலி விடவில்லை, நீ சென்னையில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா. போனில் பேசினால் அப்பா காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன்.

தஞ்சாவூரில் பார்த்தோமே, அந்த ஆஸ்பத்திரி மேல் எனக்கு முதலிலிருந்தே சந்தேகம்தான். காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று வாசலிலேயே கேட்டார்கள், வலி எங்கே என்று உள்ளே போனபிறகுதான் கேட்டார்கள். டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே கேட்டார், எழுதினார், பித்தப்பையில் கல், ஆபரேஷன் என்றார். சட்டையைத் தூக்கக்கூடச் சொல்லவில்லை. நம்மைத் தொட யோசிக்கிறாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது. மருந்துக்கடை ஹபீப் முகம்மது அண்ணனிடம் அந்தத் தாளைக் காட்டினேன். வயிற்றை நன்றாக அழுத்திப் பார்த்ததாகவும் பழைய தழும்பு ஏதுமில்லை என்றும் எழுதியிருப்பதாகப் படித்துச் சொன்னார். கூலிச் சண்டையில் பண்ணையாரின் அடியாள் அரிவாளால் இழுத்தது தொப்புள் பக்கத்தில் ஒரு சாணுக்கு இருக்கிறதே, கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் தெரியுமே. நீ உன் ஆபீசில் அமெரிக்க டாக்டர்கள் எழுதியதைப் படித்து நோய்க்கும் வைத்தியத்துக்கும் நம்பர் போடுகிறாய், அதை வைத்துத்தான் இன்சூரன்ஸ் பணம் கொடுக்கிறது, எழுதாதது செய்யாததற்குச் சமம் என்று பெருமையாகச் சொன்னாயே, எழுதிவிட்டால் செய்ததாகிவிடுமா? நீ நம்பர் போடும் தாளிலெல்லாம் யார் யாரைத் தொட்டார்களோ, யாருக்குத் தெரியும்.

அந்த ஆபரேஷனே வேண்டாம் என்று கும்பகோணத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். படுக்கவைத்துக் கை வைத்ததுமே இது என்ன தழும்பு என்றார். களத்தில் விழுந்தது என்கிறார் உன் அப்பா! நான்தான் குறுக்கே புகுந்து உள்ளதைச் சொன்னேன். வெட்டுப்பட்ட இடத்தில் குடல் பிதுங்குகிறது, வலி அதனால்தான் என்றார் டாக்டரம்மா. தஞ்சாவூரில் காயம் எதுவும் இல்லையென்றுதான் சொன்னீர்களா என்று வெளியே வந்து அப்பாவிடம் கேட்டேன். ஆமாம் என்றார். அந்தக் கூலிச் சண்டை நாளில் போலீஸ் நோட்டில் எழுதிக்கொண்டே விசாரித்து, காயம் உள்ளவனைத் தேடித்தேடிப் பிடித்ததால் நம் தெருவே அப்படித்தான் சொல்லும். எத்தனை ஆட்சி மாறிவிட்டது, டாக்டரிடமுமா மறைப்பீர்கள் என்று சத்தம் போட்டேன். அவரு எழுதிக்கிட்டே கேட்டாரு புள்ள என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

புதன்கிழமை கும்பகோணத்தில் ஆபரேஷன், லீவு சொல்லிவிட்டு வா. பெரியாச்சி அம்மன் உனக்குத் துணையிருப்பாள், நன்றாயிரு. வந்ததும் வலி எப்படி இருக்கிறது என்று அப்பாவிடம் நீயே கேள், எனக்கு நிஜம் சொல்கிறாரா என்று தெரியவில்லை. கேட்கும்போது கையில் பேனா வைத்துக்கொள்ளாதே.

உன் அம்மா
காத்தாயி