கிரகரி எழுந்த இடம்

திரிங்காப் மேட்டுத் தோட்டம்
ஜப்பான் வருஷம் 2603, ஆடி மாதம்

என் வீட்டுக்காரருக்கு வேலாயி கும்பிட்டுச் சொல்லிக்கொள்வது. நானும் சின்னவளும் உயிரோடு இருக்கிறோம். ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில் பாதையில் நீங்களும் உயிரோடு இருக்க வேண்டும் என்று ஆத்தாளிடம் கேட்டபடி இருக்கிறேன்.

சொல்வது நான், எழுதுவது நம் ராஜநாயகம் வாத்தியார். உறைமேல் உங்கள் பெயரையும் அவரே போட்டுக்கொள்வார். அதை என் வாயால் சொல்ல வேண்டியதில்லை. நாளைக்குப் பக்கத்து வீட்டுத் தங்கராஜுவையும் சயாமுக்கு லாரி ஏற்றுகிறார்கள். கடிதத்தை அவன் மடியில் கட்டிக் கொண்டுவருவான்.

தேயிலையில் பாதியைப் பிடுங்கி மரவள்ளி போட்டாயிற்று. மூன்று வேளையும் அதுதான். சின்னவளுக்குக் கால் வீங்கியிருக்கிறது.

இனி நம் கதிரேசன் விஷயம். கோபப்படாமல் கடைசிவரை கேளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் இப்போது ஜப்பான் பாடம்தான். நன்றாகப் படிக்கிறவர்களுக்கு முன் பெஞ்சு, தினம் ஒரு சிரட்டை அரிசி. மக்குகளுக்குப் பின் பெஞ்சு. பத்து மணிக்கு மேல் மண்வெட்டியோடு மரவள்ளிக் காட்டுக்குப் போக வேண்டும். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியின் மகன் கிரகரி முன்னால் இருந்தான். நம் பிள்ளையை வாத்தியார் பின்னால் போட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. அவன் சிலேட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே போனேன். அந்த எழுத்து எனக்குத் தெரியாது, ஆனால் கண் இருக்கிறதே. பலகையில் இருந்ததும் சிலேட்டில் இருந்ததும் ஒன்றுதான். அதன்மேல் தப்புப் போட்டிருந்தார்.

ஏன் என்று கேட்டேன். வாசலில் ஜப்பான்காரன் நின்றிருந்தான். வாத்தியார் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, பிள்ள பின்னாலயே இருக்கட்டும். இதுக்கு மேல கேக்காதீங்க."

கூலி லயத்துப் பிள்ளை என்றால் மண்தான் வெட்ட வேண்டுமா என்று ஊர் கேட்கக் கத்தினேன். அவருடைய கிறிஸ்தவ வேதத்தையும் இழுத்துப் பேசினேன். நான் நேரே கிராணி வீட்டுக்குப் போனேன்.

வாசலில் நிற்கவிடாத மனிதர் அன்று உட்காரச் சொன்னார். நம் பிள்ளையை வரவழைத்து, ஜப்பான் பாஷையில் உத்தரவுகளைச் சொல்லச் சொன்னார். அவன் மூச்சு விடாமல் ஒப்பித்தான்.

"கெட்டிக்காரன்லா. நம்ம கிரகரி எந்திரிக்கட்டும், இவன் உக்காரட்டும்."

நான் அவர் காலில் விழுந்தேன். லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். நாலு நாள் அரிசிக் கஞ்சி குடித்தோம்.

ஐந்தாம் நாள் லாரி வந்து முன் பெஞ்சுப் பிள்ளைகள் எட்டுப் பேரையும் ஏற்றியது. சயாமில் ஜப்பான்காரன் சொல்வதை நம் ஆட்களுக்குச் சொல்லவும், காலையில் பெயர் கூப்பிடவும் ஆள் வேண்டுமாம். கிராணி கைக்கு அந்த உத்தரவுக் காகிதம் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. வாத்தியாருக்கு அரசல் புரசலாக முன்பே தெரியும். அவர் ஒளித்துவைத்த பிள்ளையை நான்தான் சிலேட்டோடு போய்க் காட்டிக்கொடுத்தேன்.

மற்ற ஏழு பிள்ளைகளை ஏன் ஒளிக்கவில்லை என்று அவரிடம் நான் கேட்கவில்லை. இதைச் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டார். எழுதுங்கள் என்றேன்.

கதிரேசன் அழவில்லை. அன்றைய அரிசியைச் சிரட்டையோடு தங்கச்சி கையில் கொடுத்துவிட்டு ஏறினான். கிரகரி இப்போது பின் பெஞ்சில் இருக்கிறான். அவன் மட்டும் மண் வெட்டப் போவதில்லை.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அங்கே பெயர் கூப்பிடுவது அவனாக இருந்தால் உங்கள் பெயரையும் சொல்ல வேண்டி வரும். அப்பா பெயரை வாயில் எடுக்கக் கூடாது என்று வளர்த்தவள் நான். எடுத்தபோது வாயிலேயே அடித்திருக்கிறேன். அதனால் தயங்குவான். தயங்கினால் அவனை அடிப்பார்கள். அவனைப் பார்த்ததும், சொல்லு என்பதுபோல் தலையை ஆட்டிவிடுங்கள். அவன் உங்கள் பெயரைச் சொன்னதும் ஜப்பான் பாஷையில் "ஹை" என்று உரக்கச் சொல்லி, யாரோ மாதிரி நில்லுங்கள்.

தினமும் அவன் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். தினமும் நீங்கள் பதில் சொல்லுங்கள். எனக்கு வேறு வரம் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வேலாயி