ஜன்னலிலேயே பேசி அனுப்பிவிட்டேன்

மார்ச் 4

அன்பு வாயாடிக்கு,

இஸ்திரி எழுதுவது. பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? பத்து வருஷச் சிநேகிதியை ஜன்னலிலேயே பேசி அனுப்பிவிட்டாளே என்று என்னை மனசுக்குள் வைதிருப்பாய். வை, எனக்கு வேண்டியதுதான். சின்னவனுக்கு மேலெல்லாம் சிவப்பாகத் தடித்திருந்தது. உனக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்துதான் கதவைத் திறக்கவில்லை.

நான் வேலையை விட்டு வீட்டோடு உட்கார்ந்து நாலு வருஷம் ஆகிறது. கட்டட வரைபடம் போட்ட கை சும்மா இருக்குமா? பிள்ளைகள் எழுந்திருக்க, சாப்பிட, விளையாட, தூங்க என்று கட்டம் போட்டு எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். பெரியவள் நாலு வயதிலேயே பொம்மைகளை உயர வரிசைப்படி அடுக்குகிறாள். வருகிறவர்கள், "பிள்ளைங்க இருக்கிற வீடு மாதிரியே இல்லையே" என்கிறார்கள். நீயும் பார்க்க வேண்டாமா? அடுத்த முறை ஒரு வாரம் முன்னதாக ஒரு வரி எழுதிப் போடு. கட்டாயம் வா.

உன்,
இஸ்திரி


மார்ச் 13

அடி இஸ்திரி,

ஹாஸ்டலில் தலையணை உறையைக்கூட மடிப்பு வைத்துத் தேய்த்தவள் ஆயிற்றே நீ! நான் வைத்த பேர் வீண்போகவில்லை.

உன்னை வைவதற்கு என்ன இருக்கிறது? பிள்ளை உடம்புதான் முதலில். இத்துடன் ஒரு களிம்பு அனுப்பியிருக்கிறேன். நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு வரும் டாக்டரிடம் கேட்டு வாங்கியது. இரண்டு வேளை மெல்லிசாகத் தடவு, மூன்று நாளில் கேட்கும்.

நான் அன்றைக்கே திரும்பிவிட்டேன். பஸ் நிலையத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஓர் அம்மாள் தன் மருமகள் கதையை ஆதியோடு அந்தமாகச் சொன்னாள். எனக்கே வாய் திறக்க இடம் கிடைக்கவில்லை என்றால் பார்த்துக்கொள். பெரியவள் ஜன்னல் கம்பிக்கு நடுவே விரலை நீட்டினாளே, தொட்டுப் பார்த்தேன். பிசுபிசுவென்று இருந்தது. ஏனோ வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

பதிலைக் கடை விலாசத்துக்கே போடு. வீட்டுக்கு வேண்டாம்.

வாயாடி


ஏப்ரல் 2

வாயாடி,

களிம்பு வந்து இரண்டு வாரம் ஆகிறது. பிரிக்கவே இல்லை. பொய் சொல்லி வாங்கிய மருந்தை எங்கே தடவுவது?

சின்னவனுக்கு ஒன்றுமே இல்லையடி. வீடுதான் ஆள் பார்க்கிற மாதிரி இல்லை. தரையெல்லாம் அவன் இறைத்த சோறு, நாற்காலியெல்லாம் ஈரத்துணி. நான் மூன்று நாளாகத் தலை வாரவில்லை. மணி அடித்ததும் எட்டிப் பார்த்தேன், நீ. ஓடிவந்து தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன். பிறகு ஒரு தடவை திரும்பி வீட்டைப் பார்த்தேன். அவ்வளவுதான்.

நேற்று பெரியவள் படுக்கையறைக்குள் தாழ் போட்டுக்கொண்டாள். "கதவைத் தொறடி கண்ணு" என்று கெஞ்சினேன்.

"வராதீங்கம்மா. பால் கொட்டிட்டேன். இன்னும் சுத்தமாகல."

"பரவாயில்ல, தொற."

"சுத்தமானப்புறம் வாங்க."

அரை மணி நேரம் வெளியே நின்றேன். அவள் திறந்தபோது சட்டை கையில் இருந்தது. அதைக் கழற்றித்தான் தரையைத் துடைத்திருக்கிறாள். உதட்டைக் கடித்துச் சத்தமில்லாமல் அழுதிருக்கிறாள். நான் அவளை ஒரு நாளும் அடித்ததில்லை. முகத்தைச் சுளிப்பேன். பிள்ளைக்கு அதுவே போதும் போலிருக்கிறது.

சமையலறைக் கதவில் ஒட்டிய கட்டத்தைக் கிழித்துப் போட்டேன். மனசு லேசாகும் என்று பார்த்தால், வெட்கம்தான் மிச்சம்.

ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு உன் கையில் பெரிய பெட்டி இருந்தது. ஒரு பகல் பார்த்துவிட்டுப் போக வந்தவளுக்கு அவ்வளவு பெரிய பெட்டி எதற்கு?

இஸ்திரி


ஏப்ரல் 11

அன்பு இஸ்திரிக்கு,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். வீட்டை விட்டுத்தான் வந்தேன்.

அவர் கை நீட்டுவது கல்யாணமான இரண்டாம் வருஷமே தொடங்கியது. அன்று காலை விழுந்த அறையில் வலது காது அடைத்துப் போயிருந்தது. ஜன்னலில் நீ சொன்னதில் பாதி விழவில்லை. "உள்ளே வராதே" மட்டும் நன்றாகக் கேட்டது.

உன்மேல் தப்பில்லை. "நாங்கள் சௌக்கியம், அவர் தங்கமானவர்" என்று வருஷக்கணக்காக உனக்கு எழுதினேனே, அந்தக் கடிதங்களை நானும் தேய்த்து மடித்துத்தானே அனுப்பினேன்? உன் வீட்டுக் குப்பையை நீ மறைத்தாய், என் வீட்டுக் குப்பையை நான் மறைத்தேன். தெரிந்திருந்தால் நீ கதவைப் பெயர்த்துக்கொண்டு வந்திருப்பாய்.

ஆனால் உன்னிடம் ஒன்றை மறைக்க மாட்டேன். வீட்டை விட்டு வந்த அந்தத் தைரியம் பஸ் நிலையத்து பெஞ்சிலேயே வடிந்துவிட்டது. இன்னொரு முறை வருமா, தெரியவில்லை. திரும்பிப் போனதும், "எங்க போயிட்டு வர்றே?" என்றார். "சிநேகிதி வீட்டுக்கு" என்றேன். பெட்டியை வாங்கிப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டார். இப்போது வேறு ஊருக்கு மாற்றல் கேட்டிருக்கிறார்.

பெரியவளை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள். பால்தானே, கொட்டட்டும்.

வாயாடி


ஏப்ரல் 15

வாயாடி,

உடனே கிளம்பி வா. பெட்டி வேண்டாம், உடுத்திய துணியோடு வா. பின்னறையில் கிடந்த துணிமூட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு படுக்கை விரித்திருக்கிறேன். வேறு எதுவும் ஒழுங்குபண்ணவில்லை. என் வீட்டுக்காரரிடம் எல்லாம் சொன்னேன். "அவங்க எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கட்டும்" என்றார். தனியாக வரப் பயமாக இருந்தால் ஒரு வரி போடு, நாங்களே வந்து கூட்டிவருகிறோம்.

இஸ்திரி


ஏப்ரல் 29

வாயாடி,

உன் கடை மேஜையில் வைத்து இதை எழுதுகிறேன். பதில் வரும், வரும் என்று பதினாலு நாள் காத்திருந்தது நான் செய்த அடுத்த தப்பு. இன்று காலை இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். சின்னவன் வழியில் என் தோளிலேயே வாந்தி எடுத்தான். பெரியவள் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டாள். நாற்றமும் வெறுங்காலுமாக உன் கடைக்குள் நுழைந்தோம். யாரும் எங்களைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. கடைக்காரர் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, உட்கார ஒரு முக்காலியும் போட்டார்.

"அவங்க வேலைய விட்டு நின்னுட்டாங்கம்மா. ஊர் மாறிப் போறோம்னாங்க. விலாசம் தரல. கண்ணைப் பார்த்துப் பேசவே இல்ல" என்றார். பிறகு இழுப்பறையிலிருந்து என் கடிதத்தை எடுத்துக் காட்டினார், பிரிக்காமல். நீ போன மறுநாள்தான் வந்ததாம்.

"இன்னொண்ணும் எழுதி வெச்சுட்டுப் போங்க. எப்பவாவது வந்தாங்கன்னா ரெண்டையும் குடுக்கிறேன்" என்கிறார். நீ வருவாய் என்று அவர் சொல்லவில்லை.

உனக்கு வேண்டியிருந்தது என் வீட்டில் ஒரு மூலை. அந்த ஒரு மூலையைக்கூட உனக்குக் காட்ட வெட்கப்பட்டேன். மன்னித்துவிடு என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இந்தப் பக்கத்தின் குறுக்கே ஓடும் கிறுக்கல் சின்னவன் வேலை. பேனாவைப் பிடுங்கினான், விட்டுவிட்டேன். வேறு தாளில் எழுதப் போவதில்லை.

"சித்தி நம்ம வீட்டுக்கு வருவாங்களாம்மா?" என்று பெரியவள் கேட்கிறாள். முன்பு என்றால், "வருவாங்க, வருவாங்க" என்று அவள் வாயை அடைத்திருப்பேன்.

"தெரியலடி கண்ணு" என்றேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

இஸ்திரி