பிரதி எடுத்தவர்

வெள்ளிக்கிழமை

இலக்கிய வகுப்புக்காக ஆளுக்கொரு இணையக் கலைக்களஞ்சியக் கட்டுரையைத் திருத்துகிறோம். எனக்கு வந்தது ஆம்பூரில் வாழ்ந்து மறைந்த ஒரு நாவலாசிரியர். போன வாரம் புகைப்படம் கேட்டு அவர் மனைவி சரோஜா அம்மாவைப் பார்க்கப் போனேன். ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்த்தவர். படத்தைக் கொடுத்துவிட்டு, "மூணாவது நாவல் நான் எழுதனதும்மா. கம்பெனிக்குள்ள நடக்கறது அவருக்கு இன்னா தெரியும்? அதையும் போடு" என்றார்.

அச்சில் ஆதாரம் வேண்டும் என்றேன்.

"முன்னுரைல சொல்லியிருக்கேன்னாரு. அட்டைல அவர் பேர் மட்டும் இருந்துச்சு. கோவத்துல நான் தொறந்தே பாக்கல."

இன்று கல்லூரி நூலகத்தில் அந்த நாவலின் முதல் பதிப்பு கிடைத்தது. முன்னுரையில் 'பிரதி எடுத்துத் தந்த என் மனைவிக்கு நன்றி' என்று மட்டும் இருந்தது. பக்க எண்ணோடு அதைக் கட்டுரையில் சேர்த்தேன். நல்ல ஆதாரம் என்று பேராசிரியர் பாராட்டினார்.

சாயங்காலம் சரோஜா அம்மாவே போன் செய்தார். "கெடச்சுதா?"

பொய் சொல்ல வரவில்லை. வாசித்துக் காட்டினேன்.

"பிரதியா?" என்றார். பிறகு, "அப்பிடிப் போடறதுக்கு என்னைப் பத்தி ஒண்ணுமே வேணாம். எடுத்துடும்மா" என்றார்.

எடுத்துவிட்டேன். மதிப்பெண் குறையலாம். நீக்கியதற்குக் காரணம் எழுத ஒரு கட்டம் வந்தது. 'அவர் கேட்டுக்கொண்டார்' என்று எழுதினேன். அதற்கு ஆதாரம் எங்கே என்பார்கள். அழித்துவிட்டுக் காலியாகவே விட்டேன்.