சிஸ்டர் மேல் புகார் வேண்டாம்

என் கண்ணுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், அவ்வளவுதான். அம்மா போய் இன்றோடு இருபத்திரண்டு நாள். ஃபோனில் நீ கத்தியபோது எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். டயாலிசிஸ் சிஸ்டர் கவனிக்காமல் விட்டதால்தான் அம்மா போனாள், ஆஸ்பத்திரிக்குப் புகார் எழுதப் போகிறேன் என்றாயே, எழுதாதேடா. அந்தப் பெண் இரண்டு வருஷம், வாரத்துக்கு மூன்று நாள், அம்மாவுக்கு வலிக்காமல் ஊசி குத்தினவள். தண்ணீர் அளவோடுதான் குடிக்கலாம் என்பதால், தாகம் தாங்காமல் அம்மா அழுதால் ஒரு துண்டு ஐஸை வாயில் வைத்துவிட்டுக் கூடவே நிற்பாள். நான் கள்ளத்தனமாக ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்திருந்தாலும் எடை மெஷினைப் பார்த்தே கண்டுபிடித்து என்னை மாமியார் மாதிரி வறுத்தெடுப்பாள்.

ஊசி போடுவதற்காக அம்மாவின் இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள் அல்லவா, அதில் தினமும் காலையில் விரல் வைத்துப் பார்க்க எனக்குப் பழக்கியவளும் அவள்தான். உள்ளே கிர்ரென்று அதிர வேண்டும். "நின்னுபோச்சுன்னா அந்த நிமிஷமே ஃபோன் பண்ணுங்கப்பா, குளிச்சிட்டு வர்றேன், சாப்பிட்டுட்டு வர்றேன்னு நிக்காதீங்க" என்று படித்துப் படித்துச் சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை விரல் வைத்தேன், அதிர்வு இல்லை. அம்மாவோ ரொம்ப நாளைக்குப் பிறகு தலை வாரி, நீ அனுப்பிய நீல ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, ஆற்றங்கரைக்குப் போகலாம் என்று சின்னப் பிள்ளை மாதிரி நிற்கிறாள். எனக்கு மனசு வரவில்லை. நாளைக்குத்தான் டயாலிசிஸ் இருக்கிறதே, சிஸ்டர் பார்த்துக்கொள்வாள் என்று நினைத்து, "நல்லா ஓடுது, வா" என்று பொய் சொல்லிவிட்டேன், பாவி. மறுநாள் சிஸ்டர் தொட்டுப் பார்த்ததுமே முகம் வெளிறிப்போனாள், ரத்தம் உறைந்து அடைத்துவிட்டிருந்தது. முதல் நாளே போயிருந்தால் அடைப்பை எடுத்திருக்கலாம். அந்தக் கையில் இனி முடியாது என்று டயாலிசிஸுக்குக் கழுத்தில் குழாய் போட்டார்கள், அதில் கிருமி ஏறிக் காய்ச்சல் வந்தது, மீதி உனக்குத் தெரியும்.

நேற்று அவளிடம் போய் இதைச் சொல்லி அழுதேன். அம்மா போன அன்று ஆஸ்பத்திரியில் என் மகளிடம் அத்தனை திட்டு வாங்கியும் ஏன் வாயே திறக்கவில்லை என்று கேட்டேன். அவளும் அழுதுவிட்டாள். கழுத்தில் குழாய் போடக் கூட்டிப்போன அன்றே அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம்: "ஞாயித்துக்கிழமை அவருக்கு முன்னாடியே நானும் தொட்டுப் பார்த்தேன் சிஸ்டர், ஓடல. அவர் பொய் சொன்னதும் எனக்குத் தெரியும். அவர்கூட வெளிய போகணும்னு ஆசையா இருந்துச்சு. அவரை ஒரு வார்த்தை கேட்டுடாதீங்க, தாங்க மாட்டாரு."

சிஸ்டர் நம்பரை மாப்பிள்ளைக்கு அனுப்பியிருக்கிறேன், மறக்காமல் கூப்பிட்டு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேள். நீ உப்பைக் குறை, வருஷத்துக்கு ஒரு தடவை கிட்னிக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொள். பிள்ளைகள் நூறு வயசு நல்லா இருக்கட்டும்.

இனி நீ என்னோடு பேசினாலும் பேசாவிட்டாலும்,
உன் அப்பா